எரிபொருள் நின்றால் இதயச் செல்லில் என்ன நடக்கும்? கேள்வியும் பதிலும்

உடலியங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். இதயத் தசையின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தால் அதன் உப்புச் சமநிலை எப்படிக் குலையும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். பொட்டாசியம் வெளியேறுவதற்கு, அதை உள்ளே இழுக்கும் பம்ப் நிற்பது மட்டுமே காரணமல்ல என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள். நோயாளியைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

குன்னூர், நர்சிங் மாணவி: மேடம், ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) குறைந்தால் அயனிகள் (மின்சுமை கொண்ட உப்புத் துகள்கள்) ஏன் இடம் மாறுகின்றன?

நம் மலைச்சரிவில் கீழே ஓடை, மேலே தொட்டி. மோட்டார் ஓடினால்தான் தொட்டியில் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் கசிவு எப்போதும் உண்டு. இதயச் செல்லும் அப்படித்தான். பொட்டாசியம் உள்ளே சுமார் 140 மில்லிமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு), வெளியே 4. சோடியம் வெளியே 140, உள்ளே 10-ஐ ஒட்டி. கால்சியம் தசை தளர்ந்திருக்கும்போது உள்ளே இருப்பதைப் போல வெளியே பத்தாயிரம் மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கும் முக்கிய மோட்டார், டென்மார்க் விஞ்ஞானி ஸ்கௌ 1957-ல் அடையாளம் காட்டிய சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்.

ஆய்வகத்தில் சயனைடு கொடுத்தால், செல்லின் ஆற்றல் நிலையமான மிட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் பயன்படும் கடைசிப் படி அடைபடும். குளுக்கோஸ் இருந்தால் செல் அதை உடைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். அயோடோ அசிட்டேட்டும் சேர்த்துக் கொடுத்தால் அந்த வழியும் மூடிவிடும். அப்போது பொட்டாசியம் வெளியேறும், மின்துடிப்பு குறுகும், சுருங்கும் வலு போகும். சோடியம் உள்ளே சேரும். வழக்கமாக மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியேற்றும் பரிமாற்றி, சோடியம் நிறைந்ததும் திசை மாறிக் கால்சியத்தை உள்ளே கொண்டுவரும். ஏடிபியோடு ஒட்டியிருந்த மக்னீசியமும் விடுபட்டு உயரும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிபி அறவே தீர்ந்ததும் செல் விறைத்துச் சுருங்குவது கால்சியத்தால் அல்ல. தசையைச் சுருக்கும் இரு புரதங்களில், மயோசினின் தலை ஆக்டினை விட்டு விலகவே ஏடிபி வேண்டும். தனிச் செல்லில் பார்த்தால் விறைப்பு முதலில் வரும், கால்சியத்தின் பெரிய உயர்வு அதன் பிறகு.

கூடலூர், ஆசிரியர்: ஊட்டி உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. எங்கள் இதயச் செல்களுக்கும் இதே நிலைதானா?

இல்லை. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் குறைவுதான், ஆனால் நலமாக இருப்பவரின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். உண்மையான ஆபத்து, உறைபனி இரவில் மூடிய அறைக்குள் வைக்கும் கரிச்சட்டி. தயவுசெய்து வைக்காதீர்கள்.

ஊட்டி, மருந்தியல் மாணவர்: பம்ப் நிற்பதால்தான் பொட்டாசியம் வெளியே கசிகிறது என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. நீங்கள் போன வாரம் வேறு மாதிரி எழுதினீர்களே?

தம்பி, முதல் சில நிமிடங்களுக்கு அந்த விளக்கம் போதாது. ரத்தம் நின்ற இதயத்தில் வெளிப் பொட்டாசியம் சில நிமிடத்திலேயே இரண்டு மூன்று மடங்காகிறது. பம்ப் நின்றதே காரணம் என்றால் உள்ளே சோடியமும் அதே வேகத்தில் ஏற வேண்டும். 1983-ல் கினிப் பன்றி இதயத்தில் அளந்தபோது முதல் கால் மணி நேரத்தில் அப்படி ஏறவில்லை. அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர் நோமா, ஏடிபி குறைந்தால் திறக்கும் பொட்டாசியம் வாய்க்கால் ஒன்றைக் கண்டுபிடித்தார். செல்லில் உள்ள இந்த வாய்க்கால்களில் நூற்றில் ஒரு பங்கு திறந்தாலே மின்துடிப்பு குறுகிவிடும். ஏடிபி முழுக்கத் தீர வேண்டியதில்லை.

அதே மாணவர்: எலி இதயத்தில் என்எம்ஆர் (காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும்) முறையில் அளந்தவர்கள் சோடியம் ஆரம்பத்திலேயே உயர்வதைக் காட்டியிருக்கிறார்களே?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எலியின் செல்லில் சோடியம் தொடக்கத்திலேயே அதிகம். ஒரு விலங்கின் கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே போட முடியாது. அப்புறம், சோடியம் ஏறினாலே பம்ப் நின்றது என்று பொருளில்லை. அமிலம் சேரும்போது புரோட்டானை (அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியை) வெளியேற்றும் பரிமாற்றி சோடியத்தை உள்ளே கொண்டுவரும். வரவு கூடினாலும் இருப்பு கூடும்.

கொடைக்கானல், மருத்துவர்: அந்த வாய்க்காலை கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்தால் அடைத்தாலும் பொட்டாசியம் உயர்வு முழுதாக நிற்பதில்லை. அதையும் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னீர்கள் டாக்டர். உயர்வு குறைகிறது, மறைவதில்லை. பொட்டாசியம் வெளியேற மின்சுமைக் கணக்கும் நேராக வேண்டும். ஒரு நேர் அயனி உள்ளே வரவேண்டும், இல்லையென்றால் லாக்டேட் (குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கும்போது சேர்வது) போன்ற எதிர் அயனி கூடவே போக வேண்டும். வழிகள் பல. பம்பும் தளர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை ஒன்றையே காரணமாக்கி மனப்பாடம் செய்யாதீர்கள் என்கிறேன்.

பழனி: அப்பா டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறார். அதுவும் இந்தப் பம்பையா தடுக்கிறது?

ஆமாம், ஆற்றலைத் தொடாமல் பம்பை மட்டும். சோடியம் கொஞ்சம் ஏறி, அதனால் கால்சியமும் ஏறி, துடிப்பு வலுப்படும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் மருந்து பம்பை இன்னும் இறுகப் பிடிக்கும். சிறுநீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் பொட்டாசியப் பரிசோதனை பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

குந்தா: உயரத்தால் இதயம் பலவீனமாகுமா?

ஊட்டி: மலையில் இருப்பவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?

இரண்டுக்கும் கூடலூர் ஆசிரியருக்குச் சொன்னதே பதில். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

குன்னூர், அதே மாணவி: இதய ரத்தக்குழாய் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பினால் அயனிகள் பழையபடி ஆகுமா?

பிழைத்த செல்களில் ஆகும். ஆனால் வெளியே இருந்த அமிலம் திடீரென்று கழுவப்படுவதால் புரோட்டான் பரிமாற்றி வேகமெடுத்து இன்னும் சோடியத்தைக் கொண்டுவரும், பின்னால் கால்சியம். அந்தப் பரிமாற்றியைத் தடுக்கும் கரிப்போரைடு விலங்குகளில் நன்றாக வேலை செய்தது, மனிதர்களில் மருந்தாக நிலைக்கவில்லை. அதற்காக அடைப்பை நீக்கத் தாமதிக்கக் கூடாது. நெஞ்சுவலி என்றால் கிடைக்கும் முதல் வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்: கரிச்சட்டி, கரிச்சட்டி என்கிறீர்களே, அதற்கும் சயனைடுக்கும் என்ன சம்பந்தம்?

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். அதோடு, சயனைடு உட்காரும் அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸிலும் (மேலே சொன்ன கடைசிப் படியின் நொதி) போய் ஒட்டும், பிடி மட்டும் தளர்வு. வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம்தான் அறிகுறி. விருந்தினர் குளிருது என்று கேட்டால் இன்னொரு கம்பளி கொடுங்கள். யாருக்காவது தலை வலித்தால் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு இந்த வாயு பிடித்த ஹீமோகுளோபினைப் பிரித்தறியத் தெரியாது. அதில் 98 காட்டுகிறது என்று அவர்களை மறுபடி அறைக்குள் படுக்க வைத்துவிடாதீர்கள்.