காஷுவாலிட்டிக்குக் கிளம்புமுன்: வாசகர் கேள்விகள்

கானாடுகாத்தானில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 78. சுகர், பிபி இரண்டும் உண்டு. நான் சிங்கப்பூரில். திடீரென்று ஏதாவது என்றால் என்ன தயாராக இருக்க வேண்டும்?

முதலில் கதவைப் பற்றிப் பேசுவோம். உங்கள் ஊர் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நான் காஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், பணியில் இருந்தபோது ஒரு ஆச்சியைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். 108 வண்டி முகப்பில் வந்து நிற்கிறது. ஆச்சி விழுந்து கிடந்ததோ கடைசிக் கட்டு அடுப்படியில். நடுவில் பூட்டிய கதவுகள். சாவிக்கொத்தில் எது எதற்கு என்று தேடியே கால் மணி நேரம் போயிருக்கிறது. எந்தத் தெரு, எந்த வாசல் என்பதை இன்றே முடிவு செய்து, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்மாவின் கட்டிலும் அந்த வாசலுக்குப் பக்கமாகவே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு மஞ்சப்பை. அதில் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய இசிஜி, ஆதார், காப்பீட்டு அட்டை நகல், மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர். மாத்திரைகளை அட்டையோடு போடுங்கள். "சின்னதா வெள்ளையா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் விளங்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற இரண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மேலே வையுங்கள். நகை வேண்டாம், வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

உள்ளூரில் ஒருவரைப் பொறுப்பாகச் சொல்லி வையுங்கள். உயிர் காக்கும் சிகிச்சை உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு ஆயிரம் கேள்வி வரும், பதில் சொல்ல ஆள் வேண்டும்.

காலையில் எழுந்தபோது அப்பாவுக்கு வாய் கோணியிருந்தது. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று மதியம் வரை பார்த்தோம். தப்பா? (தேவகோட்டை)

தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பக்கவாதமாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு எழுந்த நேரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணி. அதனால் டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். வாய் கோணல், ஒரு பக்கக் கை தொய்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கிளம்புங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். அது எங்கே என்று இப்போதே விசாரித்து வையுங்கள். காபி, சோடா எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் போய்க் காட்டத்தான் வேண்டும்.

நெஞ்சுவலி என்றால் காரைக்குடியிலிருந்து நேரே மதுரைக்கே போய்விடலாமா?

வேண்டாம். மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வழியில் இதயம் நின்றால் காரில் என்ன செய்வீர்கள்? பக்கத்து ஆஸ்பத்திரியில் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து, தேவையென்றால் அடைப்பைக் கரைக்கும் மருந்தை ஆரம்பித்துவிட்டு, 108-இலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சொந்தக் காரில் வேகமாகப் போகலாம்தான், ஆனால் அதில் ஆக்சிஜன் இல்லை.

நாங்கள் முதலில் போனோம். பின்னால் வந்தவரை உள்ளே கூட்டிப்போனார்கள். சிபாரிசா?

பெரும்பாலும் இல்லை. நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்ப சிவப்பு (உடனடி), மஞ்சள், பச்சை (காத்திருக்கலாம்) என்று பிரிப்பார்கள். உங்களைக் காக்க வைத்தார்கள் என்றால் நீங்கள் சிவப்பு இல்லை, சந்தோஷப்படுங்கள். ஆனால் காத்திருக்கும்போது வியர்த்தாலோ மயக்கம் வந்தாலோ எழுந்து நர்ஸிடம் சொல்லுங்கள், நிறம் மாறும்.

சாலை விபத்தில் அடிபட்டால் பணம் கட்டியாக வேண்டுமா?

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், தனியாராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுத்த சிகிச்சைகள் இலவசம்.

பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறக்கும்போது பாம்பு கடித்தால்?

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஜி.எச்.சுக்கு வாருங்கள். பாம்பை அடித்துத் தூக்கிவர வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.