உணவு ஆலோசகரைப் பார்க்கப் போனால் என்ன நடக்கும்?

உங்கள் உடல்நிலை, வேலை நேரம், வீட்டுச் சமையல் மூன்றையும் பார்த்து, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று வகுத்துத் தருபவர் உணவு ஆலோசகர்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான். நேற்று காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். சென்னையில் பலர் இட்லியைச் சொல்லிவிட்டுக் காபியை மறந்துவிடுகிறார்கள். டபராவில் ஆற்றிக் குடிக்கும் நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாளுக்கு 30 கிராமைத் தாண்டிவிடும்! மெரினாவில் தின்ற பஜ்ஜியையும் தயவுசெய்து மறைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு கேட்கக் காரணம், ஒரே சாப்பாடு எல்லோர் உடலிலும் ஒரேபோல வேலை செய்வதில்லை. தையற்காரர் அளவெடுத்த பிறகே துணியை வெட்டுகிறார். போட்டுப் பார்த்துப் பிடித்தும் விடுகிறார். இதுவும் அப்படித்தான், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையே ரத்தச் சர்க்கரையின் சுமார் 3 மாதச் சராசரியைத்தான் காட்டுகிறது, அதனால் மாற்றம் அதில் தெரியக் கொஞ்சக் காலம் ஆகும்.

உணவை மாற்றிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர் மட்டுமே.