வேலூரில் டிவி நிருபர் வேலை: சேரலாமா?

கேள்வி: இதழியல் படித்திருக்கிறேன். ஊர் குடியாத்தம். ஒரு செய்தி சேனலில் வேலூர் மாவட்ட நிருபராகக் கூப்பிடுகிறார்கள். நேரம் காலம் இல்லாத வேலை என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சேரலாமா?

பதில்: சேருங்கள். ஆனால் வீட்டில் சொல்வதும் உண்மைதான். காலையில் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம், ராத்திரி பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் விபத்து என்று ஒரே நாளில் ஓட வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். மாதச் சம்பளமா, செய்திக்கு இவ்வளவு என்று தரும் ஸ்டிரிங்கர் வேலையா? பெட்ரோல், கேமரா யார் செலவு? எழுத்தில் வாங்குங்கள்.

சந்தோஷமான நாட்கள் நிச்சயம் உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் மற்ற தொகுதிகளில் எல்லாம் முடிந்த பிறகு வேலூருக்கு மட்டும் ஆகஸ்ட் 5 அன்று தேர்தல் நடந்தது. 9-ம் தேதி எண்ணிக்கையில் முதலில் அ.தி.மு.க. கூட்டணியின் ஏ.சி.சண்முகம் முந்தினார். போகப்போக நிலவரம் மாறி, தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். அப்படி ஒரு நாளில் சுற்றுக்குச் சுற்று லைவ் கொடுக்கும் நிருபருக்குப் பசியே தெரியாது.

நாள் முழுக்க அலைந்து எடுத்த செய்தி, சென்னையில் ஏதோ பெரிதாக நடந்ததால் ஒளிபரப்பாகாமலே போகும். வலிக்கும், பழகிவிடும்.

பழகாதது சாவு வீடு. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் நிற்கும்போதுதான், கேமரா முன் பேசும் 'பைட்' கேட்டு, சேனலில் செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்கிலிருந்து போன் வரும்: "சொந்தக்காரங்க பைட் இருக்கா? அடுத்த சேனல்ல ஓடுது." அழுகிறவர் முன் மைக்கை நீட்ட மாட்டேன் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், தீயணைப்பு வீரர், வி.ஏ.ஓ. பேசினால் போதும், செய்தி நிற்கும். டெஸ்க்கில் இரண்டு நாள் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு விபத்து வீட்டில் நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அந்த அம்மாவே எழுந்து வந்தார். "தம்பி, டிவியில பையன் பேர் தப்பா ஓடுது. மாத்தச் சொல்லுங்க." உடனே டெஸ்க்குக்குப் போன் போட்டேன். எழுத்து மாறும்வரை திரையைப் பார்த்தபடி என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் பெயரையும் வயதையும் இருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் கேமராவை எடுக்கச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.