கேளுங்கோ, கதைப்பம்: ஒரே பங்கருக்குள்ள இருந்தவை இப்ப ஏன் பிரிஞ்சு நிக்கினம்?

கேள்வி: என்ர அப்பா ஆக்கள் 77 கலவரத்தோட மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்தவை. நான் பிறந்து வளந்தது எல்லாம் தருமபுரம்தான். கடைசிச் சண்டையில எங்களோட ஒரே பங்கருக்குள்ள இருந்து ஒரே பானையில கஞ்சி குடிச்ச ஆக்கள், இப்ப கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்டால் "உங்கட ஆக்களுக்குப் பிறகு பாப்பம்" எண்டினம். என்ர மகளைப் பள்ளிக்கூடத்தில "தோட்டக்காட்டார்" எண்டு கூப்பிடுறாங்கள். அப்ப இல்லாத வித்தியாசம் இப்ப எங்க இருந்து வந்தது? – வாசகி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை வாசிக்க மனம் நொந்து போச்சு. உள்ளதைச் சொல்லுறன், வித்தியாசம் புதுசா வரேல்லை, செல் விழேக்க ஒருத்தருக்கும் அதை யோசிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

1954ல அமெரிக்காவில ஒக்லஹோமா மாநிலத்தில முசாபர் ஷெரீப் எண்ட உளவியல் ஆய்வாளர் 11, 12 வயசுப் பொடியள் 22 பேரை ஒரு முகாமுக்குக் கொண்டுபோய் ரெண்டு குழுவாப் பிரிச்சு விட்டவர். எல்லாம் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பொடியள், முன்னப்பின்ன ஆளையாள் தெரியாது. பரிசு வைச்சுப் போட்டி நடத்தத் தொடங்கினதுதான் தாமதம், கொடியை எரிக்கிறது, மற்றவையின்ர கொட்டிலுக்குள்ள பூந்து சாமானை இழுத்து எறியிறது எண்டு போயிட்டுது. சரி சமாதானம் ஆக்குவம் எண்டு ஒண்டா இருத்திச் சாப்பாடு குடுக்க, சாப்பாட்டாலயே எறிஞ்சு சண்டை. பிறகு முகாமுக்குத் தண்ணி வராமல் போய் எல்லாருமாச் சேந்து எங்க அடைச்சிருக்கு எண்டு தேடவேண்டி வந்தது, சாப்பாட்டு லொறி ஸ்டார்ட் ஆகாமல் எல்லாருமாக் கயிறு கட்டி இழுக்கவேண்டி வந்தது, அப்பிடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பல வேலையைச் சேந்து செய்த பிறகுதான் கோவம் மெல்ல மெல்ல இறங்கினது. ஒருக்காச் செய்து ஒண்டும் ஆகேல்லை.

எங்கட சனம் பங்கருக்குள்ள சேந்துதான் இருந்தது. ஆனால் அது முடிய, சேத்து வைக்கிற வேலை ஒண்டும் நடக்கேல்லை, பிரிக்கிற வேலைதான் நடந்தது. அகதி முகாமில எல்லாருக்கும் ஒரே தறப்பாள், தண்ணிக்கு ஒரே லைன். மீள்குடியேற்றம் எண்டு வர காணிப் பத்திரம் இருந்தவை தங்கட காணிக்குப் போய் வீட்டுத்திட்டத்துக்குப் பேர் குடுத்திட்டினம், பத்திரம் இல்லாதவை ஜி.எஸ். (கிராம அலுவலர்) வீட்டுக்கும் கச்சேரிக்கும் நடையா நடந்தவை. அந்தப் பத்திரம் ஏன் உங்கட அப்பா ஆக்களிட்ட இல்லை? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தில 7 இலட்சம் அளவான சனத்தை நாடில்லாத ஆக்களாக்கி விட்டது, 58லயும் 77லயும் 83லயும் அடி வாங்கி உடுத்த உடுப்போட வன்னிக்கு வந்தவைக்கு அனேகமாத் தண்ணி இல்லாத மேட்டுக்காணிதான் கிடைச்சது, கன பேருக்கு அதுகும் பேருக்கு எழுதிக் கிடைக்கேல்லை, மற்றவையின்ர வயல்ல கூலி வேலைதான். இவ்வளவையும் மறந்துபோட்டு "அவை அப்பிடித்தான், காசு சேத்து வைக்கத் தெரியாது" எண்டு ஒரு கதை. தோமஸ் பெட்டிகுரூ எண்ட ஆய்வாளர் 1979ல இதைத்தான் எழுதினவர்: எங்கட ஆள் விழுந்தால் நிலைமை சரியில்லை எண்டுவம், மற்ற ஆள் விழுந்தால் அவையின்ர குணமே அது எண்டுவம். எங்கட ஆள் குடிச்சால் சண்டையில பிள்ளையைக் குடுத்த மனவருத்தம், உங்கட பக்கத்து ஆள் குடிச்சால் பரம்பரைப் பழக்கம். எனக்கு இதைக் கேக்க கேக்கப் பத்திக்கொண்டு வரும்.

மகளுக்கு "கணக்கெடுக்காத" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு விடாதேங்கோ. வகுப்பு ரீச்சரிட்டையும் அதிபரிட்டையும் போய் நேர கதையுங்கோ, அப்பிடிக் கூப்பிடுறதை நிப்பாட்டுறது பள்ளிக்கூடத்தின்ர பொறுப்பு. கோயில் விசயத்தில உபயத்தோட நிக்காமல் நிர்வாக சபையில உங்கட பக்கத்தால ரெண்டு பேர் வேணும் எண்டு எழுத்தில குடுங்கோ. உபயம் ஒரு நாளோட முடிஞ்சிடும், ஆனால் கணக்கு வழக்குப் பாக்கிற இடத்தில ஒண்டா இருக்கிறவை வருசம் முழுக்கக் கதைச்சுத்தானே ஆகவேணும்.

கேள்வி: நான் ஒருத்தருக்கும் அநியாயம் செய்யேல்லை. அப்பாவும் வயல்ல வெயிலுக்க கிடந்து உழைச்சுத்தான் முன்னுக்கு வந்தவர், நாங்களும் இடம்பெயர்ந்து எல்லாத்தையும் இழந்தனாங்கள். கம்பசில ஒரு நண்பன் "நீ வசதியில வளந்தவன், உனக்கு விளங்காது" எண்டிட்டான். சரியான கோவம். – வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, உங்கட கோவம் விளங்குது, இதைப் பற்றி 2015ல பிலிப்ஸ், லோவரி எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில ஆய்வே செய்து போட்டவை. வெள்ளைக்கார ஆக்களிட்ட உங்கட இனத்துக்கு இன்ன இன்ன வாய்ப்புக் கூட எண்டு சொல்லிப்போட்டுக் கேட்டால், அவை தங்கட சொந்த வாழ்க்கையில பட்ட கஸ்டத்தைக் கூடுதலாச் சொல்லினமாம். நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறியள். அப்பா உழைச்சது உண்மை, ஒருத்தரும் அதை இல்லை எண்டு சொல்லேலாது. நண்பன் சொன்னது வேற விசயம்.

சிறுபோகக் கூட்டத்துக்கு அப்பாவோட ஒருக்காப் போய்ப் பாருங்கோ. இரணைமடுக் குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது, எத்தினை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்ப திறக்கிறது எண்டு அங்கதான் முடிவெடுக்கிறது. கதைக்கிறவை எல்லாம் வயல் காணி இருக்கிறவை, கமக்கார அமைப்பில பேர் இருக்கிறவை. அதே வயல்ல வரம்பு கட்டுறவர், மருந்து அடிக்கிறவர், குனிஞ்ச முதுகு நிமிராமல் புல்லுப் பிடுங்கிற அக்காமார் ஒருத்தரும் அங்க இல்லை, தண்ணி திறக்காட்டி அந்தப் போகம் அவைக்கும் வேலை இல்லை எண்டாலும் அவையிட்ட ஒருத்தரும் கேக்கிறதில்லை. உங்கட தாத்தாவுக்குப் பெர்மிட் காணி கிடைச்சிருந்தால், அதே காலத்தில குடியுரிமையே இல்லாத ஒரு ஆள் எந்த முகத்தோட போய் அரச காணி கேக்கிறது எண்டு ஒருக்கா யோசியுங்கோ. அந்தக் காணியை வைச்சுத்தான் உழவு மெசின் லீசிங்கில எடுக்கலாம், பாங்கில கடன் எடுக்கலாம், பிள்ளையை ரியூசனுக்கு விடலாம். அப்பாவின்ர வேர்வை பொய்யில்லை தம்பி, ஆனால் அது தண்ணி பாயிற காணியில விழுந்தது. உங்கட நண்பனின்ர அப்பாவும் அவ்வளவு வேர்வை சிந்தியிருப்பார், மற்ற ஆளின்ர காணியில.

இதுக்காக நீங்கள் குற்றவாளி இல்லை, தலையைக் குனியவும் தேவையில்லை. நண்பனிட்ட போய் "உங்கட வீட்டில என்ன நடந்தது, சொல்லு" எண்டு கேளுங்கோ, இடையில உங்கட கதையை எடுக்காமல் முழுக்கக் கேளுங்கோ.

கேள்வி: 90ம் ஆண்டு வாப்பா ஆக்களை முல்லைத்தீவை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் நான் பிறக்கவே இல்ல. புத்தளத்தில அகதிப் பொடியன் எண்டாங்க. இப்ப திரும்பி வந்தா "காணி பிடிக்க வந்தவன்" எண்டுறாங்க. எங்களுக்கு எது ஊர்? – வாசகர், முள்ளியவளை

பதில்: நானா, உங்கட வாப்பாவின்ர ஊர்தான் உங்கட ஊர், அதில கதைக்க ஒண்டும் இல்லை. 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து முஸ்லிம் சனம் முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினது பெரிய அநியாயம், இதை நாங்கள் தமிழ் ஆக்கள் "ஆனால்" போடாமல் சொல்லப் பழகவேணும். நாங்களும் எல்லாத்தையும் இழந்தனாங்கள்தானே எண்டு உடன பதில் வரும், அதுகும் பொய்யில்லை. அடிபட்ட ரெண்டு சனம் சந்திச்சால் யாருக்குக் கூட அடி எண்ட போட்டிதான் முதல்ல வரும் எண்டு ஆய்வுகள் சொல்லுது. 2013ல ஷ்னாபெல், ஹலாபி, நூர் எண்டவை யூதர், பாலஸ்தீனரிட்டச் செய்த ஆய்வில, இந்தச் சண்டையில ரெண்டு பகுதியும் பாதிக்கப்பட்டது எண்டு எடுத்துக்காட்டினபோது அந்தப் போட்டி குறைஞ்சு மன்னிக்கிற மனம் கூடியிருக்கு. காணிப் பிணக்கைப் பத்திரத்தோட பிரதேச செயலகத்தில தீருங்கோ. வாப்பா வெளிக்கிட்ட கதையை பக்கத்து வீட்டுத் தமிழ் ஆச்சியிட்ட சொல்லுங்கோ, அவவும் கடைசிச் சண்டையில மாத்தளனில இருந்து வெளிக்கிட்ட கதையைச் சொல்லுவா.

கேள்வி: எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு கிராமத்துப் பிள்ளையளும் ஒட்டுறதில்லை. பழகட்டும் எண்டு கிராமத்துக்கு ஒரு ரீமாக் கிரிக்கெட் வைச்சம், அடிபாட்டில முடிஞ்சுது. சேர விட்டால் சரிவரும் எண்டு சொல்லுறது பொய்யோ? – ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: பொய்யில்லை சேர், ஆனால் எப்பிடிச் சேர விடுறம் எண்டதில இருக்கு. கோர்டன் ஆல்போர்ட் 1954லயே சொன்னவர், ரெண்டு பகுதிக்கும் சம மரியாதை வேணும், நோக்கம் ஒண்டா இருக்கவேணும், போட்டி இல்லாமல் ஒத்துழைக்கவேணும், மேல இருக்கிறவை அதுக்கு ஆதரவா நிக்கவேணும் எண்டு. வயல்காரரும் கூலிக்காரரும் ஒவ்வொரு நாளும்தான் சந்திக்கினம், அதால என்ன மாறினது? உங்கட கேள்விக்கு அச்சொட்டா ஒரு ஆய்வு கிடக்கு. இந்தியாவில உத்தரப் பிரதேசத்தில மற் லோ எண்ட பொருளியல் ஆய்வாளர் பல சாதி இளைஞரை வைச்சுக் கிரிக்கெட் லீக் நடத்தினவர். ஒரே ரீமில சேந்து விளையாடினவைக்கு மற்றச் சாதியில சிநேகிதம் கூடினது, எதிர் ரீமாச் சந்திச்சவைக்குக் குறைஞ்சது. நீங்கள் செய்தது ரெண்டாவது.

அதே மாநிலத்தில ஹொஃப், பாண்டே எண்ட ரெண்டு பேர் 6ம், 7ம் வகுப்புப் பொடியளுக்கு வழி கண்டுபிடிக்கிற புதிர் குடுத்தவை. சாதியைச் சொல்லாத நேரம் மேல்சாதி, கீழ்ச்சாதி எண்டு சொல்லுற ரெண்டு பகுதியும் ஒரே மாதிரிச் செய்தது, எல்லாருக்கும் முன்னால சாதியைச் சொல்லிக் கூப்பிட்ட நேரம் தலித் பிள்ளையளின்ர புள்ளி விழுந்திட்டுது. பிள்ளை அதே பிள்ளைதான் சேர். இப்ப எங்கட வகுப்பை எடுங்கோ, "அஸ்வெசும உதவிப்பணம் எடுக்கிற வீட்டுப் பிள்ளையள் எழும்புங்கோ" எண்டு ஒரு ரீச்சர் பட்டியல் எழுதேக்க எழும்பி நிக்கிற பிள்ளை பிறகு அந்தப் பாடத்தில எப்பிடிக் கை தூக்கும்? பட்டியலை அலுவலகத்தில வைச்சு எழுதுங்கோ.

அடுத்த முறை ரீமைக் கலந்து போடுங்கோ, கப்டனை மச்சுக்கு மச் மாத்துங்கோ, ஒருமுறை அந்தக் கிராமம் ஒருமுறை இந்தக் கிராமம். வகுப்பில குழு வேலைக்கும் பாடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கொரு துண்டு குடுங்கோ, மற்றவன் தன்ர துண்டைச் சொல்லித் தந்தால்தான் பாடம் முழுக்க விளங்கும் எண்ட மாதிரி. 1971ல டெக்சாசில ஒஸ்டின் நகரத்தில கறுப்பு, வெள்ளைப் பிள்ளையளை ஒரே பள்ளிக்கூடத்தில சேத்துச் சண்டை வந்த நேரம் எலியட் ஆரன்சன் இப்பிடித்தான் தொடங்கினவர். ரெண்டு தவணையாவது விடாமல் செய்யுங்கோ, ஒரு கிழமையில பாத்துப்போட்டு விட்டிடாதேங்கோ. நடந்ததை எழுதி அனுப்புங்கோ, மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் உதவும்.