ஆயில் பெயின்டிங்கில் நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது சரியா?

தேர்வுக்கோ அசைன்மென்டுக்கோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கல்லூரியில் ஓவிய வரலாற்றுத் தாளில் வான்கோவின் படுக்கையறை ஓவியத்தைப் பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தது. மரக் கட்டில், இரண்டு நாற்காலி, சுவரில் சில படங்கள் மாட்டிய சின்ன அறை. பிரான்சின் ஆர்ல் நகரில் 1888 அக்டோபரில் வரைந்தது. சுவரின் நீலம் அவருடைய மனச்சோர்வைக் காட்டுகிறது என்று சார் கொடுத்த நோட்ஸில் இருந்தது. நான் அப்படி எழுதவில்லை. அந்த ஓவியத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு வான்கோ எழுதிய கடிதத்தை ஏற்கெனவே படித்திருந்தேன். சுவர் வெளிர் ஊதா, கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை பளிச்சென்ற சிவப்பு, ஜன்னல் பச்சை என்று ஒவ்வொன்றாக அதில் சொல்லியிருக்கிறார். இந்த நிறங்கள் ஓய்வையும் தூக்கத்தையும் உணர்த்த வேண்டும், பார்ப்பவரின் மனம் இளைப்பாற வேண்டும் என்கிறார். அதைத்தான் எழுதினேன். இரண்டு மார்க் வந்தது.

கடிதத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். "நோட்ஸ்ல இருக்கிறத எழுதும்மா, லெட்டரெல்லாம் சிலபஸ்ல இல்ல" என்றார். சாரைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் வரைந்தவரே கைப்பட எழுதிவைத்ததற்கு மதிப்பில்லை என்றால் எதற்குத்தான் மதிப்பு?

ஊதா என்று எழுதிய சுவர் இன்று ஏன் நீலமாக இருக்கிறது? அந்த ஊதாவில் நீலத்தோடு கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப்பட்டு மங்கிவிட்டது. நீலம் மட்டும் மிஞ்சியது. ஊதாவும் மஞ்சளும் எதிர் நிறங்கள், பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக்கொடுக்கும். மஞ்சள் கட்டிலுக்குப் பின்னால் ஊதாச் சுவர் வைத்தது அதற்காகத்தான். இன்று அந்த ஜோடி பாதி கலைந்துபோய் நிற்கிறது. அந்த நீலத்துக்குத்தான் நாம் சோகம் என்று பொருள் எழுதுகிறோம். 1890இல் அவர் வரைந்து இப்போது வாஷிங்டனில் இருக்கும் ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. தூய்மை, அமைதி என்று அவற்றைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குப் பதறுகிறது.

நிறத்துக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே 1888 செப்டம்பரில் வரைந்த இரவு விடுதி ஓவியத்தில், சிவப்பையும் பச்சையையும் வைத்து மனிதனின் பயங்கரமான வேட்கைகளைக் காட்ட முயன்றதாக அவரே சொல்கிறார். படுக்கையறையிலும் சிவப்பும் பச்சையும் இருக்கின்றன. அங்கே ஓய்வு, இங்கே வெறி. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு இடம், எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியங்களையெல்லாம் நாங்கள் படித்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில். பள்ளியிலோ டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், யாரும் கேட்க மாட்டார்கள். நிறத்தையே கண்ணில் காட்டாமல் நிறத்தின் பொருளைக் கேட்டு மார்க் போடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, உங்களுக்கு வேண்டியது: வான்கோவின் கடிதங்களை ஆம்ஸ்டர்டாமில் உள்ள அவருடைய அருங்காட்சியகம் ஆங்கிலத்தில் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1888 அக்டோபர் 16 தேதியிட்ட கடிதத்தைப் படியுங்கள். பக்கத்தில் ஓவியத்தின் பெரிய படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அவர் சொல்லும் நிறம் ஒவ்வொன்றும் இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விடை எழுதுங்கள்.