கூண்டு பற்றி வந்த கடிதங்கள்: பச்சோந்தி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கூண்டைப் பற்றியவை. வழக்கமான வேண்டுகோளை மறுபடி சொல்லிவிடுகிறேன். என்ன இனம், ஆணா பெண்ணா, என்ன வயது, குளிர்காயும் கிளையில் எத்தனை டிகிரி, இந்த நான்கையும் எழுதுங்கள். "சார், பச்சோந்தி டல்லாக இருக்கிறது, என்ன பண்ண?" என்று ஒற்றை வரியில் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஜோசியம் தெரியாது. பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கே: வீட்டில் மூன்றடி நீளத்தில் பழைய மீன் தொட்டி சும்மா கிடக்கிறது. வெய்ல்டு குட்டிக்கு அது போதுமா?

போதாது. மீனுக்கு நீளம், பச்சோந்திக்கு உயரம். வீட்டில் அதிகம் வளர்க்கும் பச்சோந்தி இனங்கள் வெய்ல்டு, பேந்தர். வளர்ந்த பிறகு இரண்டுக்குமே இரண்டடிக்கு இரண்டடி, நாலடி உயரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. குட்டிதானே என்று சின்னதாக வாங்கினால் ஏழெட்டு மாதத்தில் இன்னொன்று வாங்குவீர்கள். தொட்டியில் மீனே விடுங்கள்.

கே: கண்ணாடிக் கூண்டா, வலைக் கூண்டா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சூடும் ஈரமுமாக இருக்கும் வீட்டில் நாலு பக்கமும் வலை. குளிருக்கு ஹீட்டர் போட்டுக் காற்று காய்ந்துபோகும் வீட்டில் மூன்று பக்கம் அடைப்பு, முன்னாலும் மேலேயும் வலை. கண்ணாடியே கூடாது என்று நானும் ஒரு காலத்தில் சத்தம் போட்டவன்தான். முன்பக்கம் கீழே காற்றுவழியும் மேலே முழு வலையும் இருந்தால் சூடான காற்று மேலேறிப் போய்விடும், கீழிருந்து புதுக்காற்று வரும், ஓடும். ஆனால் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று நினைத்து உடம்பை ஊதிக்கொண்டு நிற்கிறதா என்று முதல் வாரம் கவனியுங்கள். நின்றால் உட்புறம் செடி வைத்து மறையுங்கள்.

வலையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மெல்லிய நைலான் வலையைத் தீனிக்கு விடும் சுவர்க்கோழிகள் கடித்து ஓட்டை போட்டுவிடும். பூச்சு இல்லாத முரட்டுக் கம்பி வலையில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். இரண்டும் வேண்டாம்.

கே: இரண்டு பெண்களை ஒரே பெரிய கூண்டில் வைக்கலாமா? சண்டை போடுவதில்லை.

கூடாது. சண்டை போடாததால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒன்று மற்றதற்குப் பயந்து சாப்பிடாமல் கிடக்கும்.

கே: கடையில் கூண்டோடு ஒரு சுருள் பல்பும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக நன்றாகவே எரிகிறது. இப்போது கொஞ்ச நாளாகப் பச்சோந்தி கிளைக்குப் பதிலாகத் தன் காலையே பிடித்துக்கொள்கிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள், இன்றைக்கே. இது வேடிக்கை இல்லை, எலும்பு நோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தப் பகுதியில் நான் அதிகம் சலித்துக்கொண்ட விஷயம் இந்த "எரிகிறதே" தான். பல்பு எரிவது உங்கள் கண்ணுக்கு. பச்சோந்திக்கு வேண்டியது உங்கள் கண்ணுக்குத் தெரியாத யுவிபி என்ற புற ஊதாக்கதிர். அது தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். சேராவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்க ஆரம்பிக்கும். வீட்டில் பணம் இல்லாவிட்டால் உத்திரத்தைப் பிடுங்கி விற்கிற கதைதான். குழல் விளக்கின் வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் மாதா மாதம் இறங்கிக்கொண்டே வரும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் தயாரிப்பைப் பொறுத்து ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வாங்கிய தேதியை விளக்கின் மேல் மார்க்கரில் எழுதி வையுங்கள்.

சுருள் பல்பு ஏன் வேண்டாம் என்றால், அதன் யுவிபி ஒரு சின்ன வட்டத்துக்குள் முடிந்துவிடும், ஆழமாகவும் இறங்காது. நாலடிக் கூண்டில் அது மூலையில் ஏற்றிய அகல் விளக்கு. கூண்டின் அகலம் முழுக்க நீண்டிருக்கும் டி5 என்ற மெல்லிய குழல் விளக்கைத்தான் போட வேண்டும். ஐந்து அல்லது ஆறு சதவீத யுவிபி வகை போதும். விளக்கு வலைக்கு மேலே இருந்தால் குளிர்காயும் கிளை அதிலிருந்து ஆறு முதல் ஒன்பது அங்குலம் கீழே. முதுகு மட்டத்தில் யுவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக்கதிரின் அளவு, 3 வாக்கில் கிடைத்தால் சரி. வலையே சுமார் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விளக்குக்கும் கூண்டுக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் கணக்கே வேண்டாம், பூஜ்யம். "ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், நல்ல வெயில் வருகிறது" என்று எழுதிய இருவருக்கும் இதே பதில்தான். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வருவது சூடு, யுவிபி அல்ல.

ஒருமுறை ஒரு இளம் பேந்தரைச் செருப்பு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முன்கை முழங்கைக்குக் கீழே கொண்டை ஊசி மாதிரி வளைந்திருந்தது. கீழ்த்தாடையை விரலால் தொட்டால் ரப்பர் போல உள்ளே போனது. பூச்சியைக் காட்டினேன். ஆசையாகக் குறி பார்த்தது, நாக்கை விட்டது. பாதி தூரம் வந்த நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் வாயோரம் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. சிகிச்சையில் உயிர் பிழைத்தது, கை நிமிரவில்லை. விளக்கைப் பற்றிக் கேட்டபோது அதன் சொந்தக்காரரும் இதையேதான் சொன்னார்: "எரியுதே சார்."

கால்சியம் பொடி தூவுகிறேனே என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். தூவுங்கள், தூவத்தான் வேண்டும். விளக்குக்கு அது மாற்று அல்ல.

கே: இரவில் குளிருமே, சிவப்பு பல்பு போடலாமா?

வேண்டாம். இரவு இருட்டாக இருக்கட்டும். பதினெட்டு இருபது டிகிரி வரை இறங்கினால் வெய்ல்டுக்கு நல்லதே. மலைப்பகுதி இனமான ஜாக்சனுக்கு அதற்குக் கீழேயும் இறங்கலாம். பகலில் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு, டைமர் வைத்து.

கே: குட்டி நீர்வீழ்ச்சி வைத்திருக்கிறேன், அழகாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடித்துப் பார்த்ததே இல்லை.

அழகு உங்களுக்கு. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும், அதில் எச்சம் விழும், பூச்சி செத்து மிதக்கும், நாலு நாளில் கிருமிக் குட்டை. எடுத்துவிடுங்கள். தேங்கி நிற்பதைத் தண்ணீர் என்றே பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலை நுனியில் உருண்டு மினுங்கும் துளியைத்தான் நக்கும். விளக்கு ஏற்றுவதற்கு முன்னும் அணைத்த பின்னும் இரண்டு நிமிடம் நுண்தூறலாகத் தெளியுங்கள். பகலில் ஒருமுறை இலைமேல் சொட்டு விழும்படி சொட்டுக்குழாய் வையுங்கள். அடியில் வடிகால் தட்டு இல்லாமல் இதையெல்லாம் தொடங்கினால் தரையைத் துடைத்து மாளாது.

அப்புறம், நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பகலில் கூண்டு காய வேண்டும், ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதம் போதும். இரவில் எண்பதுக்கு மேல் போகலாம், ஆனால் காற்றோட்டமும் குளிர்ச்சியும் இருந்தால் மட்டும். சூடு, ஈரம், அடைப்பு மூன்றும் சேர்ந்தால் மூச்சுக்கோளாறு. தண்ணீர் போதுமா என்பதை எச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருந்தால் சரி, ஆரஞ்சு நிறமாக இருந்தால் போதவில்லை.

கே: என் வெய்ல்டின் தலைக்கொண்டை நுனியில் கறுப்பாக ஒரு திட்டு. அழுக்கா?

சூட்டுக்காயமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். கிளை மேல்வலைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும், அது ஏறி நிற்கும்போது கொண்டை பல்புக்கு அடியில் போய்விடும். கிளையை இறக்குங்கள், அல்லது பல்பைத் தூக்குங்கள். கொண்டை நுனி இருக்கும் உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்து அளங்கள். ஆணுக்கு முப்பது டிகிரி வாக்கில், பெண்ணுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு. கூண்டுச் சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

கே: பிளாஸ்டிக் செடி போதாதா? நிஜச் செடி செத்துப்போகிறது.

பேந்தருக்கு ஓரளவு சமாளிக்கலாம். வெய்ல்டு இலை தின்னும். பிளாஸ்டிக்கையும் கடித்துப் பார்க்கும், விழுங்கினால் குடலில் அடைக்கும். மணி பிளான்ட் சாகடிக்க முடியாத செடி, அதில் தொடங்குங்கள். செம்பருத்தி, குடை மரம், பெஞ்சமினா அத்தி எல்லாம் ஓடும். அரளி பக்கமே போகாதீர்கள், விஷம். வாங்கி வந்த செடியில் பூச்சிமருந்து இருக்கும், இலைகளின் இரண்டு பக்கத்தையும் கழுவி, மண்ணையும் மாற்றி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு உள்ளே வையுங்கள்.

செடியைவிட மக்கள் கோட்டைவிடுவது கிளையில். அதன் பாதத்தை உற்றுப் பாருங்கள். விரல்கள் ஒருபுறம் இரண்டு, மறுபுறம் மூன்று என்று ஒட்டிச் சேர்ந்து இடுக்கி போல இருக்கும். கிளையைச் சுற்றிப் பிடித்து நடக்கவே அமைந்த பாதம், சமதளத்தில் தடுமாறும். பென்சில் தடிமனிலிருந்து உங்கள் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன் வரை பலவிதக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். எல்லாம் ஒரே தடிமன் என்றால் பாதம் ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகும். குளிர்காய ஒன்று, நிழலில் ஒளிய ஒன்று, தூங்க ஒன்று. நடுவில் வெறும் காற்றாக விட்டால் நாலடிக் கூண்டு வாங்கியும் அது வாழப்போவது ஒரே கம்பில்.

கே: தரையில் மரப்பட்டைத் துண்டு போடலாமா?

வேண்டாம். பூச்சியைப் பிடிக்கும்போது நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போகும். வெறும் தரை, துடைத்தால் முடிந்தது.

கே: என் வெய்ல்டு பெண்ணுக்கு எட்டு மாதம். ஆணைப் பார்த்ததே இல்லை. இரண்டு நாளாகக் கூண்டின் அடியில் இறங்கி மூலையைப் பிறாண்டுகிறது. தப்பிக்கப் பார்க்கிறதா?

முட்டையிட இடம் தேடுகிறது. சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுவதில்லையா, அது போலத்தான். முட்டை பொரிக்காது, ஆனால் வெளியே வந்தாக வேண்டும். மண் கிடைக்காவிட்டால் அடக்கிக்கொள்ளும், அடக்கினால் உயிருக்கே ஆபத்து. இருபதிலிருந்து எழுபது எண்பது வரைகூட இடும் என்பதால் சின்ன விஷயம் இல்லை.

ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு தொட்டி. கழுவிய மணலும் மண்ணும் கலந்து, கையால் துளை போட்டால் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். இப்போதே உள்ளே வையுங்கள். கூண்டைத் துணி போட்டு மறைத்துவிட்டு விலகிவிடுங்கள். எட்டி எட்டிப் பார்த்தால் பாதியில் குழியை விட்டுவிடும். அதுவே சுரங்கம் தோண்டி, இட்டு, மூடிவிட்டு, மண் ஒட்டிய மூக்கோடு மெலிந்து மேலேறி வரும். தண்ணீரும் தீனியும் தாராளமாகக் கொடுங்கள். நாளைக்குள் தோண்ட ஆரம்பிக்காமல் சோர்ந்து தரையிலேயே கிடந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவர். பெண் வெய்ல்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும்: நாலைந்து மாதம் ஆனதுமே தொட்டி நிரந்தரமாக உள்ளே இருக்கட்டும். தீனியை அதிகம் போட்டுத் திணிப்பதும் சூட்டைக் கூட்டுவதும் முட்டை எண்ணிக்கையை ஏற்றும்.

கே: பின்னால் சிவப்புத் தாள் ஒட்டினால் சிவப்பாக மாறுமா?

மாறாது. பின்னணியைப் பார்த்து நிறம் மாறுகிறது என்பது நாம் அரசியல்வாதிகளைத் திட்டுவதற்குக் கட்டிய கதை. சூடு, கோபம், பயம், இணை தேடும் ஆசை, இவற்றுக்குத்தான் அது நிறம் மாறும். தோலில் இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் பேந்தரை ஆராய்ந்து காட்டினார்கள். தாளைக் கிழித்துவிடுங்கள்.

கே: ஹாலில் டிவி பக்கத்தில் தரையில் வைத்திருக்கிறேன். எல்லோரும் பார்க்கலாமே என்றுதான். யாராவது நடந்தால் கறுத்துவிடுகிறது.

தனக்கு மேலே அசைவதெல்லாம் அதற்குப் பருந்து. கூண்டை ஒரு மேசைமேல் ஏற்றி, அது உட்காரும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். ஃபேன், ஏசி காற்று நேரடியாகப் படக்கூடாது. உள்ளே போய் மறைந்துகொள்ள அடர்த்தியாக இலை இருக்கட்டும். ஒளிய இடம் இருக்கும் பச்சோந்திதான் தைரியமாக வெளியே வரும். எல்லோரும் பார்க்க வேண்டுமென்றால் மீன் வளருங்கள், தொட்டி சும்மா கிடக்கிறது என்று முதல் கடிதக்காரர் சொல்கிறார்.

கே: நாளைக்குப் பச்சோந்தி வருகிறது. அவசரம். என்ன கூண்டு வாங்கலாம்?

இன்றே விற்பவருக்கு போன் பண்ணி இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். கூண்டு வாங்கி, கிளை கட்டி, செடி வைத்து, விளக்கும் தூறலும் டைமரில் ஓடவிட்டு, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஒரு வாரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என்ன இனம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அதையும் அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள்.