மூணு வருஷம் முடிய இன்னும் நாலு மாசம்தான் இருக்கு

கேள்வி: கூட வேலை பார்த்த ஃப்ரெண்டு, அவங்க அம்மா ஆபரேஷனுக்குன்னு அழுததால என் தாலிக்கொடியோட போட்டிருந்த சங்கிலிய அடகு வெச்சு 1,50,000 ரூபாய் கொடுத்தேன். 1,10,000 ஜிபேல, 40,000 கையில. எழுதி எதுவும் வாங்கல. ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சு, கேட்டா "அடுத்த மாசம் தரேன்டி"ங்கறா. புது ஸ்கூட்டி வாங்கி ஸ்டேட்டஸ் போட்டிருக்கா. அடகுக்கு வட்டி நான்தான் கட்டறேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. போலீஸ்ல சொல்லலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: உங்க லெட்டர்ல அந்த ஸ்கூட்டிய விட என்னை பதற வெச்சது எட்டு மாசம்ங்கற வார்த்தைதான்மா. கைமாத்தா கொடுத்த பணத்துக்கு கேஸ் போட, கொடுத்த நாள்ல இருந்து மூணு வருஷம்தான் டைம். 1963ல வந்த காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அவங்க ஒவ்வொரு தடவை "அடுத்த மாசம்"னு சொல்லும்போதும் போறது உங்க நாள்தான், இன்னும் நாலே மாசம் இருக்கு.

அதனால இப்போ பணத்தை கேக்காதீங்க, முதல்ல எழுத்தை கேளுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல போய், கோவப்படாம, "உன்னால இப்போ முடியலன்னு புரியுது, எனக்கு எழுதி மட்டும் கொடு"ன்னு சொல்லுங்க. புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தரேன்னு எழுதிக் கொடுக்கற பத்திரம், கடையில கிடைக்கும், தொகை, தேதி எழுதி ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து வாங்கணும். அதுக்கு ஒத்துக்கலன்னா வெள்ளைப் பேப்பர்லயாவது "இந்த தேதியில வாங்கின 1,50,000 ரூபாய் இன்னும் பாக்கி இருக்கு"ன்னு அவங்க கையாலயே எழுதி சைன், தேதி போடட்டும், மூணு வருஷம் முடியறதுக்குள்ள இது நடந்துட்டா அந்த தேதியில இருந்து மறுபடி மூணு வருஷம் கிடைக்கும். நடுவுல 5,000 கொடுத்தா கூட வாங்கிக்கங்க, ஆனா எதுக்கான பணம்னு ஒரு வரி எழுதி சைன் வாங்காம வந்துடாதீங்க. அந்த 40,000க்கு உங்ககிட்ட ஒரு சீட்டும் இல்லையேமா, அதையும் சேர்த்து எழுத வைக்கத்தான் இவ்வளவு சொல்றேன்.

வாட்ஸப் சாட்டை அழிச்சிடாதீங்க, போன் மாத்தினாலும் பழைய போனை பத்திரமா வைங்க, ஜிபே பணம் போன நாளோட பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வைங்க. செக் கொடுத்தாங்கன்னா, அதுல போட்ட தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும். பணம் இல்லன்னு திரும்பி வந்தா, பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளைக்குள்ள பணம் கேட்டு அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பணும், அது அவங்க கைக்குக் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல கேஸ் போடணும்.

போலீஸ் பத்தி கேட்டீங்க, அவங்க பெரும்பாலும் இது சிவில் மேட்டர்னு அனுப்பிடுவாங்க, அங்க அலைஞ்சு இருக்கற நாலு மாசத்த கரைச்சிடாதீங்க. உங்க ஃப்ரெண்டோட மாமியார் வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போடறது, ஸ்டேட்டஸ்ல பேர் போடறது, இதுவும் வேண்டாம், அப்புறம் உங்க மேலயே கம்ப்ளைன்ட் வரும்.

எழுதித் தர மாட்டேன்னுட்டா அந்த வாரமே கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் குழு ஆபீசுக்குப் போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க, இது நிறைய பேருக்கு தெரியறதே இல்லை. கேஸ் போடறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துக்கு, அதாவது ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சமரசம் பேசற மக்கள் நீதிமன்றத்துக்கு, மனு கொடுக்கலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது, அங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு சைன் பண்ணிட்டா அது கோர்ட் தீர்ப்பு மாதிரிதான், அப்பீலும் கிடையாது. ஆனா அவங்க வரவே இல்லன்னா மூணு வருஷம் முடியறதுக்குள்ள சிவில் கோர்ட்ல கேஸ் போட்டே ஆகணும், இத வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

இதுக்கெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்கமா. திட்டுவார்தான். ஆனா நாளைக்கு கோர்ட் தபால் வந்து தெரியறதுக்கும், சங்கிலி எங்கன்னு அவரே கேக்கறதுக்கும் முன்னாடி உங்க வாயால தெரியட்டும், அந்த ஞாயித்துக்கிழமை அவரையும் கூட கூட்டிட்டுப் போங்க, புரோநோட்டுல சாட்சி கையெழுத்து போடவும் ஒரு ஆள் ஆச்சு.